காணி விளம்பரங்களில் ஏஐ வரையும் அயற்சூழல் படங்கள்: எங்கே நிறுத்த வேண்டும்?

புளியந்தீவான்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரில் சிறியதொரு வடிவமைப்புக் கடை நடத்தி வருகிறேன். கலியாண அட்டை, திருவிழா நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை என்று இருந்த வேலையில் இப்போது காணி விளம்பரங்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டுவிட்டன. அதில் எழுந்த ஒரு சிக்கலை இங்கே வைக்கிறேன்.

வாவியை அண்டிய தென்னந்தோட்டம் ஒன்றைப் பத்துப் பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) துண்டுகளாகப் பிரித்து விற்கவிருக்கும் ஒருவர், பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுவதற்குப் படங்கள் கேட்டார். நேரில் போய் எடுத்தேன். மணல் ஒழுங்கை, ஒருபக்கம் தகரவேலி, மறுபக்கம் பற்றை, சற்றுச் சாய்ந்த மின்கம்பம், கரையோரம் ஆற்றுவாழை மண்டிய ஒரு துண்டு நீர், அவ்வளவுதான் படத்தில் விழுந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. "இதையே கொஞ்சம் வடிவாக்கித் தாருங்கள், இப்போது ஏஐ எல்லாம் செய்யுமே" என்றார். அதே படத்தைக் கொடுத்து, வளர்ச்சியடைந்த அயலாக மாற்றித் தரும்படி எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் கல் பதித்த வீதி, இருமருங்கும் விளக்குக் கம்பங்கள், வாவியோரம் கைப்பிடியுடன் நடைபாதை, சிறுவர் பூங்கா, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டன. தகரவேலி மறைந்து வெள்ளை மதில் எழுந்திருந்தது. மின்கம்பத்தையே காணவில்லை. அவர் பார்த்துவிட்டு, இதைத்தான் கேட்டேன் என்று மகிழ்ந்தார்.

படத்தை இன்னும் அவரிடம் கையளிக்கவில்லை. காணியில் கட்டப்படக்கூடிய வீட்டின் மாதிரிப் படம் போடுவதில் எனக்குத் தடையில்லை. அது மாதிரி என்று பார்ப்பவருக்கே விளங்கும். சுற்றுப்புறத்தை இப்படி வரைந்து காட்டுவது மட்டும் உறுத்துகிறது. இதே தொழிலில் இருப்பவர்களும், காணி வாங்கியவர்களும் விற்றவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லடித் தரகர்

தம்பி, நீங்கள் தேவைக்கு மேல் யோசிக்கிறீர்கள் என்பது என் அபிப்பிராயம். விளம்பரம் என்றால் அழகுபடுத்துவதுதான். கொழும்பில் அடுக்குமாடி வீடுகளை அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே கணினிப் படத்தை வைத்து எத்தனை வருடமாக விற்கிறார்கள்? அந்தப் படங்களில் வீதி நெரிசலையோ, பக்கத்துக் கட்டடத்தின் முதுகையோ யாராவது காட்டியதுண்டா? காணி வாங்குகிறவன் படத்தைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. வந்து பார்ப்பான், அயலில் நாலு பேரிடம் விசாரிப்பான், காணி உறுதிப் பத்திரத்தைப் புரட்டுவான், பிறகுதான் முற்பணம் வைப்பான். படத்தின் வேலை ஆளைக் காணிவரைக்கும் கூட்டி வருவது மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கு நீங்கள் செய்து கொடுக்காவிட்டால், கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு அவரே செய்துகொள்வார். இழப்பு உங்கள் கடைக்குத்தான்.

சூரிச்_மட்டுநகரான்

தரகர் அண்ணன் சொல்வது ஊரில் இருந்து வாங்குபவர்களுக்குப் பொருந்தலாம். எங்களைப் போல வெளியில் இருப்பவர்களுக்கு நடைமுறை வேறு. இங்கே வேலை முடிந்து வந்து, இரவு வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து, மனைவியிடம் காட்டி, ஊரில் இருக்கும் மச்சானுக்கு அதை அனுப்பி, அவருக்கு நேரம் இருந்தால் போய்ப் பார்க்கச் சொல்லி, அதற்குள் "வேறு ஆள் கேட்கிறார், முற்பணம் போட்டுவிடுங்கள்" என்று தொலைபேசி வந்து, கடைசியில் அற்றோணித் தத்துவத்தை (நமக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை) அனுப்பி உறுதி முடிக்கிறவர்கள் நாங்கள். படத்துக்கும் பணத்துக்கும் இடையில் பல சமயம் யாருடைய காலும் அந்த மண்ணில் பட்டிருக்காது.

எனக்கு நடந்ததையே எழுதுகிறேன், விற்றவரின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் கொங்கிறீட் வீதியும், வீதியோரம் மூடிய வடிகானும் இருந்தன. ஏஐ படம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. முற்பணம் போட்ட பிறகு மார்கழியில் மச்சான் போனார். வீதி தொடங்கும் இடத்திலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்தபடி எனக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். கொங்கிறீட்டும் இல்லை, வடிகானும் இல்லை. பக்கத்து வளவுக்காரர் தன் வாசலில் மண்மூட்டை அடுக்கியிருந்தார். விற்றவரைக் கேட்டபோது, "அது வரப்போகும் அபிவிருத்தியைக் காட்டும் படம்" என்றார். வரப்போவதாக அவரிடம் சொன்னது யார் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. முற்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது, மீதியை விட்டுவிட்டோம்.

ஆகவே புளியந்தீவான் தம்பி, உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது.

சங்கிலியும்_கோலும்

நான் நில அளவைத் துறையைச் சேர்ந்தவன். அந்தப் பக்கத்தில் இருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இலங்கையில் காணி விற்பனை செல்லுபடியாவதற்கு அது நொத்தாரிசு முன் உறுதியாக எழுதப்பட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்று தொடக்கம் வைத்திருக்கும் விதி இது. உறுதியின் அட்டவணையில் எல்லைகளும், பரப்பும், நில அளவைப் படத்தின் இலக்கமும் திகதியும் வரும். விளம்பரத்தில் இருந்த விளக்குக் கம்பமும் பூங்காவும் அங்கே ஓர் எழுத்தாகக்கூட வராது. வாங்கியவர் பிற்பாடு உறுதியைத் தூக்கிக்கொண்டு வந்து பூங்கா எங்கே என்று கேட்டால், அவருக்குக் காட்ட என் படத்தில் ஒன்றும் இருக்காது.

விற்பவர் தன் கையால் செய்துகொடுக்கக்கூடியவை எவை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். துண்டாடல் படத்தில் (காணியைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் அளவைப் படத்தில்) காட்டப்பட்ட உள்வீதி அவருடையது. அதற்குக் கிறவல் (சரளை மண்) போடுவதாகவோ கொங்கிறீட் போடுவதாகவோ அவர் எழுத்தில் உறுதியளிக்கலாம். எல்லை மதில், மின் இணைப்புக்கான விண்ணப்பம், கிணறு போன்றவையும் அப்படியே. அவருடைய படலைக்கு வெளியே உள்ள ஒழுங்கை பிரதேச சபையினதோ மாநகர சபையினதோ ஆகும். பக்கத்து வளவின் தகரவேலி பக்கத்து வீட்டுக்காரருடையது. வாவிக்கரையோ இவர்கள் எவருடையதும் அல்ல. இவற்றை வரைந்து காட்டுகிறபோது, தனக்குச் சொந்தமில்லாத பொருளைப் பற்றி அவர் வாங்குபவருக்கு ஒரு கூற்றைச் சொல்கிறார். வீட்டின் மாதிரிப் படத்துக்கும் அயலின் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படித்தான் காண்கிறேன்.

வாவியோர நடைபாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். கடலோடு தொடுப்புள்ள ஆறு, களப்பு போன்றவற்றில், முகத்துவாரத்தின் இருபுறத்தையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை அந்த வலயம் நீளும். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பாலமீன்மடு, திராய்மடுப் பக்கம் காணி விற்கிறவர் வாவிக்குள் கால்வைத்த மேடையையும் நடைபாதையையும் படத்தில் போடுகிறார் என்றால், அனுமதி கேட்டுப் பெறவேண்டிய ஒன்றை ஏற்கெனவே கட்டிமுடித்ததாகக் காட்டுகிறார்.

முப்பரிமாணம்

நான் கட்டடக்கலை அலுவலகங்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பவள். தரகர் ஐயா கொழும்பு அடுக்குமாடிகளோடு ஒப்பிட்டதால் எழுதுகிறேன். நாங்கள் செய்யும் படம் அளவுத்திட்டத்திலிருந்து வருகிறது. யன்னலின் அகலம் படத்தில் 4 அடி என்றால் திட்டத்திலும் 4 அடி. திட்டம் மாறினால் படமும் மாறும். கேள்வி வந்தால் வரைபடத்தை எடுத்து மேசையில் விரிக்கலாம். படம் உருவாக்கும் ஏஐ அப்படி வேலை செய்வதில்லை. அது பயின்ற கோடிக்கணக்கான படங்களில் எது எதனோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கற்றுக்கொண்டு, இரைச்சலாக உள்ள புள்ளிகளைப் படிப்படியாகத் தெளிவாக்கி, கேட்ட வாசகத்துக்குப் பொருத்தமாகத் தோன்றும் படமொன்றை அமைக்கிறது. "வாவிக்கரைக் குடியிருப்பு" என்று கேட்டால், இணையத்தில் மிகுதியாகக் கிடக்கும் நீர்க்கரைக் குடியிருப்புகளின் சாயலைத் தரும். அவற்றில் மட்டக்களப்பின் பங்கு மிகச் சொற்பம்.

அதனால்தான் எங்கள் ஊர் விளம்பரங்களில் கேரளத்துக் காயலும் பாலித்தீவின் ஓலைக்கூரையும் வந்து நிற்கின்றன. அண்மையில் கல்லடிக் கடற்கரைக்கு அருகிலுள்ள காணி என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கடலுக்குள் சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவர் எவரும் ஒரு கணத்தில் சிரித்துவிடுவார். சூரியன் எங்களுக்குக் கடலில் எழுந்து வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் விழுகிறது. அதே படத்தில் கரைக்குப் பின்னால் நீலமலைத் தொடர் வேறு. சுனாமிக்குப் பிறகு நட்ட சவுக்கும், தாழையும், பனையும், கரைவலைத் தோணியும் ஒன்றுகூட இல்லை. தெரியாதவர் ஏமாறுவார் என்பது ஒருபக்கம் இருக்க, தெரிந்தவர் அந்த விற்பனையாளரின் உறுதியையும் சந்தேகிப்பார். வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் இது நட்டம்.

புளியந்தீவான் அண்ணா செய்ததுபோல, உண்மைப் படத்தைக் கொடுத்து மாற்றச் சொல்வது இன்னும் சிக்கலானது. அங்கே தென்னைகளும் ஒழுங்கையின் வளைவும் அப்படியே இருக்கும். இடத்தை அறிந்தவரும் "இது அந்த இடம்தான்" என்று ஒப்புக்கொள்வார். பொய்யான பகுதி மெய்யான பகுதியின் நம்பிக்கையில் ஏறிக்கொள்ளும்.

நிந்தவூர்க் கரை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அம்பாறைக் கரையோரத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது.

2004 டிசம்பர் 26 இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடங்கித் தெற்கே வரை கடல் என்ன செய்தது என்பதை இங்கு எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அதன்பிறகு அரசாங்கம் கட்டடம் கட்டக்கூடாத வலயம் என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. எந்த வளவு எந்தக் கோட்டுக்குள் விழுந்தது, யார் எங்கே குடியமர்த்தப்பட்டார்கள் என்பதெல்லாம் இந்த ஊர்களில் இன்றும் பேசப்படுகிற விடயம். அப்படிப்பட்ட ஒரு கரைத்துண்டைப் பச்சைப் புல்வெளியும் நடைபாதையுமாக வரைந்து விற்றால், வாங்குபவர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே அவருக்குத் தோன்றாமல் போய்விடும்.

அடுத்தது கடலரிப்பு. ஒலுவில் துறைமுகம் அமைக்கப்பட்ட பின் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை தின்னப்பட்டு, தென்னைகள் வேரோடு சரிந்து கிடந்ததை நாங்கள் பார்த்தவர்கள். துறைமுகத்தின் அலைதாங்கிகள் கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டால், வடபக்கக் கரைக்கு வரவேண்டிய மணல் வராது. கடல் எடுத்துப் போகும் மணலுக்கு ஈடு கிடைக்காது. ஏஐயிடம் "கடற்கரை" என்று கேட்டால் அகன்ற வெண்மணலைத்தான் தரும். கரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் இங்கே காணியின் பெறுமதியையே தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக ஒரு விடயம், இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் ஊர்கள் ஒன்றை ஒன்று ஒட்டியவை. தமிழ்க் கிராமம் முடிகிற மதகில் முஸ்லிம் கிராமம் தொடங்கும். உயரத்தில் இருந்து படம் எடுத்தால் பள்ளிவாசல் மினாராவும், கோயில் கோபுரமும், சில இடங்களில் தேவாலயமும் ஒரே சட்டத்துக்குள் விழும். "அழகாக்கிய" படங்களில் இவற்றில் ஏதோவொன்று காணாமல் போய்விடுகிறது. சில சமயம் மென்பொருள் தானாக அழிக்கிறது. சில சமயம் அழிக்கும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். காணிப் பிரச்சினையே இனப்பிரச்சினையாகிப் பல தலைமுறை கண்ட மாவட்டத்தில், அயலில் இருக்கும் வணக்கத்தலத்தை விளம்பரத்தில் துடைத்தெறிவதை வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. படத்தில் உலாவுகிற மனிதர்களுக்கும் இது பொருந்தும். அவர்களின் உடையும் தோற்றமும் "இங்கே யார் வாழ்கிறார்கள்" என்று சொல்லிவிடும். இல்லாத அயலவர்களை வரைந்து காட்ட விற்பனையாளருக்கு என்ன தேவை?

கல்லடித் தரகர்

நிந்தவூர்ச் சகோதரர் கடைசியாகச் சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். அந்த விளையாட்டு நமக்கு வேண்டாம். சூரிச் தம்பிக்கு நடந்ததும் நடந்திருக்கக் கூடாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கமரா எடுக்கும் படம் மட்டும் உண்மை பேசுகிறதா? ஆடியில் போய் எடுத்தால் வாவிக்கரைக் காணி எல்லாம் காய்ந்து, கால் வைக்க வசதியாக இருக்கும். அகலக் கோணத்தில் எடுத்தால் பத்துப் பேர்ச் இருபது பேர்ச் போலத் தெரியும். பக்கத்திலுள்ள குப்பை மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எடுத்தால் குப்பை மேடே இல்லை. இத்தனை வருடமாக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், எவரும் கேட்கவில்லை. ஏஐ வந்தவுடன் மட்டும் உண்மையைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

சங்கிலியும்_கோலும்

நல்ல கேள்வி, அண்ணன். ஆடியில் எடுத்த படம் ஆடியில் அந்த நிலம் இருந்த நிலையையாவது காட்டுகிறது. அதில் உள்ள ஒழுங்கையில் போய் நிற்கலாம். இருந்தாலும் நீங்கள் சொன்ன பருவகாலப் பொய்தான் நம் மாவட்டங்களில் பெரிய பொய் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு மழை ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. மேட்டுநிலக் குளங்கள் வான்பாய்ந்து, ஆறுகளும் ஓடைகளும் வாவியை நிரப்ப, முகத்துவாரத்தை மணல்திட்டு மூடியிருந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கரையோரத் தாழ்நிலங்களுக்குள் ஏறுகிறது. முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லிக் கோரிக்கை எழாத மாரி குறைவு. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பும் அம்பாறையும் பட்டபாடும், 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதி நீரில் மூழ்கியபோது நேர்ந்த துயரமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே இடங்களைப் பங்குனி, சித்திரையில் பார்த்தால் வெள்ளம் வந்த இடமென்று நம்பவே முடியாது.

ஆகவே படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதை விளம்பரத்திலேயே எழுதுவது நல்ல வழக்கம். வாங்குபவர் தானாகவும் சிலவற்றைப் பார்க்கலாம். கணினியில் கூகிள் ஏர்த் மென்பொருளைத் திறந்தால் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களைத் திகதி வாரியாகப் புரட்ட முடியும். மாரிகாலப் படம் ஒன்று அகப்பட்டால் தண்ணீர் எங்கே தங்குகிறது என்று தெரிந்துவிடும். முன்பு அந்த இடம் வயலா, கண்டல் காடா, நீர்நிலையா என்பதும் தெரியும். வெளியில் இருப்பவர்கள் இதற்காக எவரையும் அனுப்பத் தேவையில்லை. மச்சானை அனுப்புவதாக இருந்தால், அயல்வீட்டு மதிலில் வெள்ளம் விட்டுச்சென்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மதிலுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் கிணற்றுக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆரையம்பதி வாசகர்

விளம்பரம் தொடர்பான சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் தன் வியாபாரத்தின்போது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையில் ஈடுபடக்கூடாது என்கிறது. தவறாக வழிநடத்தக்கூடிய நடத்தைக்கும் அதே தடை உண்டு. படம் எந்த மென்பொருளால் ஆனது என்பதற்கு அங்கே இடமில்லை, பார்ப்பவர் மனதில் அது ஏற்படுத்தும் எண்ணமே கணக்கு.

வெளிநாடுகளில் இதற்கென்றே விதிகள் வரத் தொடங்கிவிட்டன. கலிபோர்னியாவில் வீடு, காணி விளம்பரப் படங்களை டிஜிட்டல் முறையில் மாற்றியிருந்தால், மாற்றப்பட்டது என்று அறிவித்து, மாற்றாத மூலப்படத்தையும் பார்ப்பதற்கு வழிசெய்ய வேண்டும் என்ற சட்டம் 2026 ஜனவரி 1 தொடக்கம் நடைமுறையில் உள்ளது. மூலப்படத்தையும் காட்டச் சொல்வது எனக்குப் பிடித்த அம்சம். "மாதிரி" என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பிக்கும் வழியை அது அடைக்கிறது.

தரகர் அண்ணன் சொன்னதுபோல, படத்துக்கு ஆளைக் கூட்டிவரும் வேலை மட்டும்தான் என்றால், 2024 பெப்ரவரியில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்ததைச் சொல்லலாம். ஏஐ வரைந்த வண்ணக் கனவுலகப் படங்களை வைத்துப் பிள்ளைகளுக்கான சாக்லேட் நிகழ்ச்சி ஒன்றுக்கு 35 பவுண் வரை நுழைவுச்சீட்டு விற்றார்கள். ஆட்கள் வரத்தான் செய்தார்கள். வந்து பார்த்தால் பெரியதொரு வெறுமையான களஞ்சியமும் சில அலங்காரப் பொருட்களும். பிள்ளைகள் அழ, பெற்றோர் சண்டைபிடிக்க, பொலிஸ் வந்து, நிகழ்ச்சி அன்றே நிறுத்தப்பட்டது.

முப்பரிமாணம்

அறிவிப்பை எங்கே போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஏஐ படம் என்பதைக் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்கும் சி2பிஏ போன்ற முறைகள் இருக்கின்றன. கூகிளின் கருவிகள் சிந்த்ஐடி என்ற கண்ணுக்குப் புலப்படாத குறியை இடுகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பும்போது கோப்போடு இணைந்த தகவல்கள் உதிர்ந்துவிடும். திரைப்பிடிப்பு எடுத்தாலும் அப்படியே. புலப்படாத குறியைத் தேடிப் பார்ப்பதற்கு நம் வாங்குநர்களில் யார் போகிறார்கள்? பேஸ்புக் பதிவின் கீழே எழுதும் விளக்கமும் படத்தோடு பயணிப்பதில்லை. சூரிச் அண்ணாவுக்குப் படம் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே எழுத்து படத்தின் மேலேயே இருக்க வேண்டும். வெட்டி எடுக்க முடியாதபடி நடுப்பகுதியை ஊடறுத்து, கைத்தொலைபேசித் திரையில் வாசிக்கக்கூடிய பருமனில், தமிழிலேயே இருக்க வேண்டும்.

என் சொந்தத் தெரிவு இதைவிடக் கண்டிப்பானது. விற்பவரின் எல்லைக்கல்லுக்கு உள்ளே எதை வேண்டுமானாலும் மாதிரியாக வரையலாம். எல்லைக்கல்லுக்கு வெளியே கமராவில் விழுந்தது மட்டுமே. வானத்தைக்கூட மாற்றுவதில்லை.

புளியந்தீவான்

எல்லோருக்கும் நன்றி. முப்பரிமாணம் தங்கச்சியின் எல்லைக்கல் விதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளரோடு இருந்து பேசி, முதற்படத்தைக் கைவிட்டு, புதிதாக ஒன்று செய்திருக்கிறேன். காணிக்குள் ஒரு வீட்டின் மாதிரியும், துண்டாடல் படத்தில் உள்ளபடி உள்வீதியும் மட்டும் வரையப்பட்டவை. வெளியே உள்ள மணல் ஒழுங்கை, தகரவேலி, மின்கம்பம் எல்லாம் உள்ளபடி. படத்தின் குறுக்கே வரும் வாசகம் இது:

"வீடும் உள்வீதியும் கணினியால் வரையப்பட்ட மாதிரி. சுற்றுப்புறம் ஆவணி மாதம் எடுத்த புகைப்படம். உள்வீதிக்குக் கிறவல் இட்டுத் தரப்படும். வெளி ஒழுங்கை பிரதேச சபைக்குரியது."

மூலப்படம் அதே பதிவில் இரண்டாவதாக வரும். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

சூரிச்_மட்டுநகரான்

கிறவல் எப்போது இடப்படும் என்பதும் வரவேண்டும். "உறுதி எழுதுவதற்கு முன்" என்று இருந்தால் நான் நம்புவேன். திகதி இல்லாத "தரப்படும்" எனக்கு ஏற்கெனவே பழக்கமானது.

சங்கிலியும்_கோலும்

துண்டாடல் படத்தின் இலக்கத்தையும், அனுமதி கிடைத்த திகதியையும் சேர்த்துவிடுங்கள். காணி உறுதிக்காணியா (தனியாருக்குச் சொந்தமானது), அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்பதும் ஒரு சொல்லில் வரட்டும். தூரத்தில் உள்ளவர் தன் சட்டத்தரணியை நேரடியாகக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப அது போதும்.

கல்லடித் தரகர்

வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி, ஆவணி மாதம் என்று போட்டுவிட்டீர்கள். மாரியில் எப்படி இருக்கும் என்று முதல் அழைப்பிலேயே கேட்பார்கள். அதற்கு உங்கள் ஆளிடம் பதில் இருக்கிறதா?

புளியந்தீவான்

இருக்கிறது, அண்ணன். ஒழுங்கை தொடங்கும் இடத்தில் தண்ணீர் தங்கும், காணிக்குள் மேட்டுப்பக்கத் துண்டுகளுக்கு வராது என்று அவரே சொன்னார். வாவிப்பக்கத் துண்டுகளுக்கு மண் நிரப்ப வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார். அதை விளம்பரத்தில் எழுதலாமா என்று கேட்டபோதுதான் முகம் மாறியது. கடைசியில், அந்தத் துண்டுகளின் விலையைக் குறைத்துப் போட்டு, "மண் நிரப்ப வேண்டியவை" என்று விலைப்பட்டியலில் குறிப்பதற்குச் சம்மதித்தார். உறுதிக்காணிதான், துண்டாடல் படத்தின் இலக்கத்தை நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிறவல் இடும் திகதியை மட்டும் எழுத்தில் தர இன்னும் மறுக்கிறார். அது கிடைக்கும் வரை உள்வீதியைப் படத்தில் மணலாகவே விட்டிருக்கிறேன்.